இம்பெல்லரை மாற்றுமுன் அது ஏன் தேய்ந்தது என்று பாருங்கள்
(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது புதிய ரகமும் அல்ல, புதிய உரமும் அல்ல. உங்கள் கிணற்று மேட்டில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் பம்புசெட்டின் வயிற்றுக்குள் ஒரு சக்கரம் இருக்கிறது. இம்பெல்லர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் பாதிக் கைகள்கூட உயராது.

சில ஆண்டுகளுக்கு முன் மூன்று ஏக்கர் வாழை வைத்திருந்த ஒரு விவசாயி என்னைத் தேடி வந்தார். ஐந்து குதிரைத்திறன் மோட்டார். முன்பெல்லாம் ஒரு நாள் மின்சாரத்தில் பாய்ந்த பரப்பு இப்போது இரண்டு நாளிலும் பாய்வதில்லை, ஏழரைக் குதிரைத்திறன் மோட்டார் வாங்கி வைக்கலாமா என்று கேட்டார். பணத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். வீட்டு நகையை அடகு வைக்கப் போவதாகச் சொன்னார். மறுநாள் நேரில் போய்ப் பார்த்தேன். கிணற்றில் தண்ணீர் மட்டம் வழக்கம்போலவே இருந்தது. மோட்டாரில் சூடில்லை, சத்தமில்லை. இருநூறு லிட்டர் தகர டிரம் ஒன்றை வாய்க்காலில் நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தோம். நிறைவதற்கு 27 விநாடி ஆயிற்று. பம்பு புதிதாக இருந்தபோது அது 16 விநாடிக்குள் நிறைந்திருக்க வேண்டும்.

இந்தப் பதினோரு விநாடியை அற்பமாக நினைக்காதீர்கள். ஒரு ஏக்கருக்கு ஐந்து சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்ட வேண்டுமானால் ஏறக்குறைய இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். 16 விநாடிக்கு ஒரு டிரம் என்றால் அது நாலரை மணி நேர வேலை. 27 விநாடிக்கு ஒரு டிரம் என்றால் ஏழரை மணி நேரமாகும். விவசாயத்துக்கு மின் கட்டணம் இல்லை என்பதால் இந்த நட்டம் நம் கண்ணில் படுவதில்லை. டீசல் எஞ்சின் வைத்திருப்பவருக்கு மட்டும் அது அன்றன்றே சட்டைப்பையில் தெரியும்.

பம்பைத் திறந்தோம். இம்பெல்லரின் இறகுகள் பழைய கருக்கரிவாள்போல் தேய்ந்து மெலிந்திருந்தன. அவர் நகை அடகுக்குப் போகவில்லை. ஒரு இம்பெல்லர், ஒரு வளையம், கொஞ்சம் பேக்கிங், ஒரு காலைப் பொழுது, அவ்வளவில் வேலை முடிந்தது. அந்த வேலையை நீங்களே எப்படிச் செய்வது, எதில் ஏமாந்து போகக்கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்வதெல்லாம் கிணற்று மேட்டிலோ கிணற்றுக்குள் உள்ள மேடையிலோ வைத்து ஓட்டும் மோனோபிளாக், கப்ளிங் பம்பு, எஞ்சின் பம்பு ஆகியவற்றுக்குத்தான் பொருந்தும். ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் நீர்மூழ்கி மோட்டாரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல இம்பெல்லர்கள் அடுக்கியிருக்கும். அதைப் பட்டறைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

இம்பெல்லர் செய்யும் வேலை

இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே வளைந்த இறகுகளை வைத்து வார்த்ததுதான் இம்பெல்லர். நடுவில் ஒரு துளை உண்டு, அதைக் கண் என்பார்கள். தண்ணீர் கண் வழியாக உள்ளே வரும். சக்கரம் சுழலும் வேகத்தில் இறகுகள் அதை வெளிப்புறம் வீசி எறியும். வீசப்பட்ட தண்ணீர் நத்தைக்கூடு போன்ற உறைக்குள் சேர்ந்து டெலிவரி குழாயில் ஏறும். உள்ளே காலியான இடத்துக்குக் கிணற்றுத் தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். பம்பு தண்ணீரை 'இழுக்கிறது' என்று நாம் சொல்வது பேச்சு வழக்குதான். இதைப் புரிந்துகொண்டால் பின்னால் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

கண்ணின் வெளி விளிம்பைச் சுற்றி, உறையில் ஒரு வளையம் பொருத்தியிருப்பார்கள். பட்டறையில் வியர் ரிங் என்று கேட்டால் கொடுப்பார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான் இருக்க வேண்டும். இது அகன்றுவிட்டால் வீசப்பட்ட தண்ணீரில் ஒரு பகுதி வயலுக்குப் போகாமல் உறைக்குள்ளேயே திரும்பிக் கண்ணுக்கு வந்துவிடும். மோட்டார் ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருக்கும்.

திறப்பதற்கு முன்

தண்ணீர் குறைந்துவிட்டால் உடனே ஸ்பேனரைத் தூக்காதீர்கள். வேறு காரணங்கள் நான்கைந்து உண்டு, அவை செலவில்லாமல் தீரக்கூடியவை. புட்வால்வின் சல்லடையில் பாசியோ பிளாஸ்டிக் தாளோ அடைத்திருக்கலாம். சக்ஷன் குழாய் மூட்டில் காற்று புகலாம். இதைக் கண்டுபிடிக்க, பம்பு ஓடும்போது ஒவ்வொரு மூட்டின் அருகிலும் எரியும் ஊதுவத்தியைக் காட்டுங்கள். புகை மூட்டுக்குள் இழுக்கப்பட்டால் அங்கே ஓட்டை இருக்கிறது. கிளாண்டு பக்கமும் காட்டிப் பாருங்கள்.

மும்முனை மோட்டாரில் சுழலும் திசை மாறியிருக்கவும் கூடும். கம்பத்தில் வேலை நடந்தபின் இரண்டு கம்பிகள் இடம் மாறிவிட்டால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். அப்போதும் தண்ணீர் வரும், ஆனால் குறைவாக வரும். உறையில் வார்த்திருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புட்வால்வு ஒழுகினால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றி எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் ஓடத் தொடங்கிய பின் தண்ணீர் குறைவதற்கு அது அவ்வளவாகக் காரணமாகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல புட்வால்வைத் தூக்கி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் டிரம் நிறைய நேரம் ஆகிறது என்றால் பம்பைத் திறக்கலாம்.

கழற்றும் முறை

முதல் வேலை, மெயின் சுவிட்சை அணைத்து ப்யூஸ் கேரியர்களைப் பிடுங்கி உங்கள் சட்டைப்பையிலேயே போட்டுக்கொள்வது. மேலே ஒருவரை நிறுத்திவைத்தேன் என்று சொல்லாதீர்கள். அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் வேறு யாராவது வந்து பொத்தானை அழுத்துவார்கள்.

துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல்நாள் மாலையே மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு ஊறப்போடுங்கள். காலையில் அவை சொன்னபடி கேட்கும். அவசரப்பட்டுச் சம்மட்டியால் அடித்தால் நட்டு கழலாது, வார்ப்பிரும்பு உறைதான் விரிசல் விடும். உறையும் மோட்டார்ப் பக்கமும் சேரும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவைத்தால் திரும்ப மாட்டும்போது தடுமாற வேண்டியதில்லை. அடியில் உள்ள திருகைக் கழற்றி உறைத் தண்ணீரை வடியவிடுங்கள். பல மோனோபிளாக்குகளில் சுற்றியுள்ள நட்டுகளைக் கழற்றி, அடிப்போல்ட்டுகளையும் நீக்கினால் குழாய்களைத் தொடாமலே மோட்டாரை இம்பெல்லரோடு பின்னுக்கு இழுத்துவிடலாம். சில பம்புகளில் முன்மூடியைச் சக்ஷன் குழாயோடு கழற்ற வேண்டியிருக்கும்.

இப்போது இம்பெல்லர் தெரியும். அதன் நடுவில் உள்ள நட்டைக் கழற்றும்போது இறகுகளுக்கிடையில் கடப்பாறையையோ திருப்புளியையோ கொடுத்து நிறுத்தாதீர்கள், இறகு உடையும். மோட்டாரின் பின்பக்க விசிறிப் பக்கத்தில் தண்டைப் பிடித்துக்கொள்ள ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். சில பம்புகளில் இந்த நட்டுக்கு இடது மரை. வழக்கமான பக்கம் திருகிக் கழலாவிட்டால் பலத்தைக் கூட்டாமல் மறுபக்கம் மெல்ல முயன்று பாருங்கள்.

நட்டு வந்தபின் இம்பெல்லரை எடுக்கப் புல்லர் கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு நெம்புகோல்களைக் கொடுத்துச் சமமாக நெம்புங்கள். இடையிடையே கொட்டாப்புளியால் மெல்லத் தட்டலாம். தண்டின் முனையை இரும்புச் சுத்தியலால் அடித்தால் மரையும் போய்விடும், பேரிங்கும் போய்விடும். தண்டில் உள்ள சிறு சாவியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். புல்லில் விழுந்தால் அன்று முழுவதும் தேட வேண்டும்.

பழைய இம்பெல்லர் சொல்லும் சேதி

இந்த வேலையில் முக்கியமான கட்டம் இதுதான். பெரும்பாலானோர் பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டிவிடுகிறார்கள். பழையதைக் கழுவி வெயிலில் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள்.

இறகுகள் வழவழப்பாக, எல்லாப் பக்கமும் ஒரே சீராக மெலிந்திருந்தால் மணல் அறுத்திருக்கிறது. புட்வால்வு கிணற்றின் அடிச்சேற்றுக்கு மிக அருகில் தொங்குகிறது என்று பொருள். தூர்வாருங்கள், முடியாவிட்டால் புட்வால்வை அடிமட்டத்திலிருந்து இரண்டடியாவது உயர்த்துங்கள். அதே சமயம் அது தண்ணீருக்குள் நன்கு மூழ்கியும் இருக்க வேண்டும்.

இறகுகளின் உள்முனையில், கண்ணுக்கு அருகில், அம்மைத் தழும்புபோல் அல்லது தேன்கூடுபோல் குழிகுழியாக இருந்தால் அது மணலின் வேலை அல்ல. உறிஞ்சும் உயரம் அதிகமாகும்போது, அல்லது சக்ஷன் குழாய் குறுகலாக இருக்கும்போது, கண்ணருகே அழுத்தம் மிகவும் குறைந்து தண்ணீர் குளிர்ந்த நிலையிலேயே ஆவிக் குமிழிகளாகிறது. அந்தக் குமிழிகள் இறகின்மேல் நசுங்கும்போது ஒவ்வொன்றும் சிற்றுளி கொண்டு கொத்தியதுபோல் இரும்பைப் பெயர்த்துவிடும். பம்புக்குள் சரளைக்கல் உருள்வதுபோன்ற சத்தம் கேட்டால் இதுதான் காரணம். வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் சுமார் 10.3 மீட்டர் உயரத்துக்குத்தான் தண்ணீரைத் தாங்கும். குழாய் உராய்வு முதலிய இழப்புகள் போக நாம் நம்பக்கூடியது ஆறு மீட்டர், அதாவது இருபது அடி. நீலகிரி உழவர்கள் யாராவது இங்கே இருந்தால், உங்களுக்கு இதிலும் குறைவு. உதகை உயரத்தில் காற்றழுத்தம் தாங்குவதே எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். கோடையில் கிணறு இறங்கும்போது பம்பையும் கீழ் மேடைக்கு இறக்கியாக வேண்டும். அதைச் செய்யாமல் இம்பெல்லரை மாத்திரம் மாற்றினால் அடுத்த கோடைக்குள் புதியதும் தேன்கூடாகிவிடும்.

ஒரு இறகு மட்டும் உடைந்திருந்தால் சல்லடை கிழிந்து கல் உள்ளே போயிருக்கிறது. ஒரு பக்கம் மாத்திரம் உராய்ந்து பளபளத்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது அல்லது தண்டு வளைந்திருக்கிறது. இந்த நிலையில் லேத் பட்டறைக்குப் போய்த் தண்டைச் சரிபார்த்த பிறகே மேற்கொண்டு வேலை. உப்புத் தண்ணீர்ப் பகுதிகளில் இறகுகள் தேயாமலே இருக்கும், ஆனால் நடுவே வெள்ளைப் படிவு கெட்டியாக அடைத்திருக்கும். அதை மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டால் புதிது வாங்க வேண்டிய அவசியமே இருக்காது.

கடையில் நான் ஏமாந்த கதை

புதியது வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1987-ஆம் ஆண்டு என் தந்தையாரின் கிணற்றில் முதன்முதலாக நான் இம்பெல்லர் மாற்றினேன். பழையது 150 மில்லிமீட்டர் விட்டம். கடைக்காரர் அது இல்லை என்று 165 மில்லிமீட்டர் ஒன்றைக் கொடுத்து, தண்ணீர் இன்னும் கூடுதலாக வரும் என்றார். துளையும் சாவிப் பள்ளமும் சரியாக இருந்தன, உறைக்குள்ளும் இறங்கிவிட்டது. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை, தண்ணீர் கூடுதலாகத்தான் வந்தது. வாய்க்கால் நிறைந்து ஓடுவதைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் பெருமை. மூன்றாம் நாள் மோட்டார் காயில் கருகிவிட்டது.

காரணம் கணக்கில் இருக்கிறது. இம்பெல்லரின் விட்டம் பத்து விழுக்காடு கூடினால் தண்ணீர் ஏறக்குறைய பத்து விழுக்காடு கூடும். ஆனால் மோட்டார் சுமக்கும் பாரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஐந்து விழுக்காடு கூடினால்கூடப் பாரம் பதினாறு விழுக்காடு கூடும். ப்யூஸ் போயிருந்தால் மோட்டார் தப்பியிருக்கும். அடிக்கடி போகிறதே என்று நாங்கள் அதில் தடித்த கம்பியைக் கட்டி வைத்திருந்தோம். நெல் கதிர் வெளிவரும் தருணம். காயில் கட்டி வர ஆறு நாள் ஆனது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரவில் இரண்டு மணி நேரம் தண்ணீர் விட்டார், அது ஒரு மூலைக்குத்தான் போதுமானதாக இருந்தது. அந்தப் போகத்தில் மற்ற இடமெல்லாம் பாதி பதர். என் தந்தையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த 165 மில்லிமீட்டர் இம்பெல்லர் இன்றும் என் மேசையில் இருக்கிறது.

எனவே விட்டம், அகலம், துளை, சாவிப் பள்ளம் நான்கையும் அளந்து பாருங்கள். அளவுகோல் வைத்து விட்டம் பார்க்கத் தடுமாற்றமாக இருந்தால் ஒரு நூலை விளிம்பைச் சுற்றிப் பிடித்து, நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைத்துவிடும். இறகுகள் வளையும் திசையும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். உப்புத் தண்ணீருக்கு வார்ப்பிரும்பைவிட கன்மெட்டல் இம்பெல்லர் நீண்ட நாள் வரும், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். துளைக்குப் பொருந்தும் நேரான கம்பியில் மாட்டி, கம்பியை மட்டமான இரண்டு விளிம்புகளின்மேல் வைத்து மெல்ல உருட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம் கூடுதல். அது பேரிங்கைத் தின்றுவிடும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வளையத்தையும் சேர்த்தே வாங்குங்கள். புதிய இம்பெல்லரைத் தேய்ந்த வளையத்தில் ஓட்டினால் எதிர்பார்த்த தண்ணீர் வராது.

மாட்டும் முறை

தண்டைத் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சுக் கொடுத்து, சாவியை வைத்து, இம்பெல்லரைக் கையாலேயே தள்ளுங்கள். போகவில்லை என்றால் சாவிப் பள்ளத்தில் பிசிறு இருக்கும், அரத்தால் நீக்கிவிடுங்கள். வாசரும் நட்டும் மாட்டுங்கள். உறைக்கு நடுவே வைக்கும் பேக்கிங் தாள் பழையதன் கனத்திலேயே இருக்க வேண்டும். தடித்தால் இம்பெல்லருக்குப் பக்க இடைவெளி கூடும், மெலிந்தால் உரசும். நட்டுகளை ஒரு பக்கமாகவே முடுக்கிக்கொண்டு போகாமல் எதிரெதிராக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். பிறகு தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசும் ஒலி சிறிதும் கேட்கக் கூடாது.

கிளாண்டுக் கயிற்றை ஒரே நீளமாகச் சுருட்டித் திணிப்பது நம் பக்கத்து வழக்கம். அது தவறு. தண்டைச் சுற்றி ஒரு சுற்று வருமளவு தனித்தனி வளையங்களாக வெட்டி, வெட்டுவாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி மாற்றி வையுங்கள். பம்பு ஓடும்போது கிளாண்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரத்தான் வேண்டும். அந்தச் சொட்டுதான் கயிற்றையும் தண்டையும் குளிரவைக்கிறது. ஒரு சொட்டும் வரக்கூடாது என்று முடுக்கினால் தண்டு வெட்டுப்படும். மெக்கானிக்கல் சீல் உள்ள பம்பில் மட்டும் சொட்டக் கூடாது. அந்த சீலின் வழவழப்பான முகத்தில் அழுக்கு விரல் படாமல் மாட்டுங்கள்.

தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடமும் ஓட்டிப் பார்க்காதீர்கள். படகு எஞ்சினைக் குளிர்விக்கும் சிறு பம்புகளில் இருப்பது ரப்பர் இம்பெல்லர். வெறுமனே ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே அது கருகிவிடும். அதனால் விவரம் தெரிந்த படகுக்காரர்கள் அது கெடும்வரை காத்திராமல் காலக்கெடு வைத்து மாற்றிவிடுகிறார்கள். நம் இரும்பு இம்பெல்லர் அப்படிக் கருகாது, ஆனால் கிளாண்டும் சீலும் கருகும். ஆகவே உறையின் மேலுள்ள திருகில் குமிழி இல்லாமல் தண்ணீர் வழியும்வரை ஊற்றி நிரப்புங்கள். ப்யூஸை மாட்டி, கேட் வால்வு இருந்தால் மூடிவைத்து மோட்டாரைப் போடுங்கள், பின் மெல்லத் திறந்துவிடுங்கள். அம்புக்குறித் திசையில்தான் சுற்றுகிறதா என்று முதல் நொடியிலேயே கவனியுங்கள். தலைகீழாக ஓடினால் நீங்கள் முடுக்கிய இம்பெல்லர் நட்டே கழன்றுவிடலாம். ஸ்டார்ட்டரில் ஆம்பியர் மீட்டர் இருந்தால், அது காட்டும் அளவு மோட்டார்த் தகட்டில் பொறித்த அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நிறுத்திவிட்டு இம்பெல்லரின் விட்டத்தை மறுபடியும் அளந்து பாருங்கள்.

அரை மணி நேரம் ஓடியபின் டிரம்மை மறுபடியும் வாய்க்காலில் வையுங்கள். வாழைத் தோட்டத்து விவசாயியின் டிரம் அன்று 17 விநாடியில் நிறைந்தது. அவர் மோட்டார் கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் தேதியையும் 17 என்ற எண்ணையும் எழுதினார். ஒவ்வொரு ஆண்டும் அதே மாதத்தில், கிணற்றுத் தண்ணீர் அதே மட்டத்தில் இருக்கும்போது, மறுபடி அளந்து அதன் கீழே எழுதி வருகிறார். சென்ற முறை நான் போனபோது கடைசி எண் 19. புட்வால்வு அருகே சேறு ஏறியிருக்கிறதா என்று பார்க்க அவரே கயிறு கட்டி இறங்கிக்கொண்டிருந்தார்.